நடுத்தர வண்டி

காங்கேயம் சந்தைப்பேட்டைக்குப் பின்னால் மூன்றாவது வீதியில், எண்ணெய் மில் சென்னியப்பன் வீட்டு வண்டி முதன்முதலாகச் சட்டை உரித்தது ஓர் ஆடி மாதத்துப் புதன்கிழமை காலையில், பால்காரர் வந்துபோன பிறகு, பேப்பர் வருவதற்கு முன்னால். வாசல் தெளிக்க வந்த அவன் அக்கா துளசிமணிதான் முதலில் பார்த்தாள். பாம்பு உரிக்குமே, அதே மாதிரிதான். பழைய வண்டியின் கூரையும் கதவும் கண்ணாடியும் காய்ந்த சோளத்தட்டு போல லேசாகிப் போர்ட்டிகோ தரையில் ஒருபக்கமாகச் சரிந்து கிடக்க, அதற்குள்ளிருந்து வெளியே வந்த புதுசு, மூக்கு உருண்டு, கண் நீண்டு, பழையதைவிட ஒரு சாண் அகலமும் ஒன்றரைச் சாண் நீளமும் கூடி, ஈரம் காயாமல் நின்றுகொண்டிருந்தது. துளசிமணி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள். பிளாஸ்டிக்கை வெந்நீரில் ஊறப்போட்ட மாதிரி ஒரு வாடை அடித்தது.

அவள் மூக்கு லேசுப்பட்ட மூக்கு இல்லை. மில்லை ஒட்டிய களத்தில் பத்தாயிரம் தேங்காய்ப் பருப்பு காய்ந்தால், அதில் பூசணம் பிடித்த ஒரே ஒரு மூடியை, குனியாமல், நடந்தபடியே வாடை பிடித்து, பொறுக்கித் தூர எறிகிற மூக்கு. அந்த மில் நாறாமல் ஓடியதே அந்த மூக்கால்தான். செவ்வாய் தோஷம் என்று ஆரம்பித்து, அப்பா படுக்கையில் விழுந்து, தம்பி படித்து, மில்லும் நிமிர்ந்தபோது அவளுக்குக் கல்யாண வயசு தாண்டியிருந்தது. அதனால்தான் அப்பா சாகும்போது, வீதியைப் பார்த்த முன்னறை துளசிமணி உயிரோடு இருக்கும்வரை அவளுக்கே என்று பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஜன்னல். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

வண்டி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஏன் எதற்கென்று கேட்பீர்கள். தம்பி மகள் ஹர்ஷிதாவுக்கு ஒரு வயசு நிறைந்த மாதம் வாங்கினது. பெட்டி மாதிரி வண்டி. முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சில் ஐந்து பேர், ஆகப் பத்து. பூசை போட்ட பூசாரி நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்துங்க தம்பி" என்றார். சென்னியப்பன் ஏற்றவில்லை. இறங்கி வந்து நாலு பழத்தையும் எடுத்துவிட்டான்.

"டயர்ல சாறு பட்டாக் கறை படியுமுங்க. புது டயருங்க."

"ஏத்தாத பழம் முடியாத பூசை தம்பி. ஆரம்பிச்சது நிக்காது, பாத்துக்கங்க" என்றார் பூசாரி. அவன் காதில் அது ஏறவில்லை. பழத்தை அக்கா கையில் கொடுத்தான். நல்ல பழத்தைத் தூர எறிய அவளுக்கு மனசு வராமல் நறுக்கி ஊறுகாய் போட்டாள். அந்த ஊறுகாயும் தயிர்ச்சோறுமாகத்தான் முதல் அஞ்சு வருஷம் வைகாசிக்கு வைகாசி அந்தக் குடும்பம் முத்தூருக்கு அந்தப்பக்கம் பொன்னாச்சியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனது. பத்து பேருக்குப் பதினாலு பேர், மடியில் குழந்தைகள், காலடியில் பானை, பானைக்குப் பக்கத்தில் கால் கட்டின சேவல், கடைசிக் கதவோரம் துளசிமணி. அவள் இல்லாமல் அந்தக் குடும்பத்தில் பொங்கல் கிடையாது. பானையில் முதல் கை அரிசி அந்த வீட்டில் பிறந்த மூத்த பெண்தான் போட வேண்டும். அவள் போடாத பானையை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். அவர்கள் வழக்கம் அப்படி.

சரி, சட்டை உரித்த காலைக்கு வருவோம். எட்டு மணிக்குள் வீதியே கூடிவிட்டது. இது எப்படி என்று ஒருத்தர் கேட்கவேண்டுமே. கேட்கவில்லை. கம்பெனிக்காரன் புது மாடல் விட்ட அன்றைக்கே இதுவும் உரித்துவிட்டது என்று யாரோ பேப்பரை விரித்துக் காட்டினார்கள்; படத்தில் இருந்ததும் போர்ட்டிகோவில் நின்றதும் அச்சு அசல் ஒன்று. அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, உரித்த சட்டை யாருக்கு என்பதுதான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக் குமாஸ்தா வந்து, அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த நம்பரைத் தடவிப் பார்த்து, நம்பர் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை, வளர்ந்த பிள்ளைக்குப் புதுப் பிறப்புச் சான்றிதழ் யார் வாங்குவார்கள் என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார். முதல் சட்டை மில் களத்துக்குப் போனது. மழை வந்தால் பருப்புக் குவியலின் மேல் கவிழ்த்து வைக்க வசதியாக இருந்தது.

"இன்னும் பெருசாயிருச்சே சென்னி" என்றாள் துளசிமணி.

"நடுத்தர வண்டிதானக்கா. கம்பெனிக்காரனே போட்டிருக்கான் பாரு. நடுத்தரக் குடும்பத்துக்கான நடுத்தர வண்டி."

அவன் சொன்னது நிஜம்தான், அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் வெளியே ஒரு சாண் பெருத்த வண்டிக்குள் எட்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. பின்பெஞ்சுகளைக் காணோம். கீழே கம்பளம் விரித்திருந்தது, அதனால் சேவல் ஏறக்கூடாது. அந்த வருஷம் பெரியப்பா மகன் நாச்சிமுத்துவும் அவர் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் போர்ட்டிகோவின் கிழக்குச் சுவர் இடித்துக்கொண்டிருந்ததால் கொத்தனாரை வரச்சொல்லிச் சுவரை அரை அடி செதுக்கினார்கள். அரை அடிதானே என்று யாரும் அதை ஒரு பேச்சாக எடுக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து இரண்டாம் தடவை உரித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே துளசிமணிக்கு அந்த வாடை அடித்துவிட்டது. சாப்பிட்ட சோறு உள்ளே தங்கவில்லை. இந்தத் தடவை வண்டி உயர்ந்தும் போயிருந்தது, ஏறுவதற்குப் பக்கத்தில் படி வைத்திருந்தது, ஜன்னல் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. சீட்டு ஏழு. கடைசியில் இருந்த இரண்டும் சீட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். முழங்கால் தாடையில் முட்டும். "நங்கையா ஒல்லியாத்தானே இருக்கறாங்க, அவிய பின்னால உக்காந்துக்குவாங்க" என்று, புருஷனின் அக்காவை நங்கையா என்றே கூப்பிடுகிற தம்பி மனைவி கோகிலவாணி சிரித்தபடி சொன்னாள். துளசிமணி மடங்கி உட்கார்ந்து போனாள், மடங்கி உட்கார்ந்தே திரும்பி வந்தாள், கோயிலில் முதல் கை அரிசி போட நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளிக்கேட்டைக் கழற்றி அகலக்கேட்டு மாட்டினார்கள். கேட்டு திறக்க இடைஞ்சல் என்று வீதித் தண்ணீர்க்குழாயை நாற்பதடி தள்ளி வைத்தார்கள். வீதிக்காரர்கள் குடத்தோடு நாற்பதடி நடந்தார்கள், பெருமையாக நடந்தார்கள், எந்த வீதியில் சட்டை உரிக்கிற வண்டி இருக்கிறது சொல்லு என்று வந்த விருந்தாளிகளிடம் கேட்டார்கள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் மடத்துக்காரனே கதவைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடுப்பான் என்று அதில் சொல்லவில்லை. மூன்றாம் தடவை உரித்தபோது வண்டிக்கு வாய் வந்திருந்தது. முன்பக்கம் முழுக்கப் பல், கறுப்புப் பல், எதையோ கடிக்கப்போகிற மாதிரி. சீட்டு ஆறாகி, ஒவ்வொன்றும் மாப்பிள்ளை நாற்காலி மாதிரி தனித்தனியாக நின்றது. கூரையில் கண்ணாடி வந்திருந்தது, பக்கத்து ஜன்னலோ கொய்யாப்பழம் வாங்கக்கூடக் கை நுழையாத அளவுக்குச் சிறுத்திருந்தது. உள்ளே உட்கார்ந்தால் வானம் தெரியும், மனுஷர் தெரிய மாட்டார்கள். எதிர்வீட்டுக் கண்ணம்மாளின் வாசல்படி மூன்றும் வண்டி திரும்ப இடைஞ்சலாக இருந்ததால் உடைத்து எடுத்தார்கள். கண்ணம்மாள் ஒரு முக்காலி வாங்கிப் போட்டுக்கொண்டு அதன்மேல் ஏறித் தன் வீட்டுக்குள் போனாள். கோலம் போடத் தரை இல்லாததால் வீதிப் பெண்கள் கதவிலேயே சாக்பீஸில் கோலம் போட்டார்கள். தண்ணீரும் மிச்சம், கோலமும் அழியாது என்று அதற்கும் ஒரு நல்லது கண்டுபிடித்தார்கள்.

"உங்களுக்குக் கோவமே வரலையா கண்ணம்மா?" என்று துளசிமணி கேட்டாள்.

"நம்ம வீதி வண்டியாச்சே அம்மிணி. நாம உட்டுக்குடுக்காம வேற ஆரு உட்டுக்குடுப்பா?"

துளசிமணிக்குச் சீ என்று இருந்தது. ஆனால் கண்ணம்மாளைச் சொல்லி என்ன, அந்த வண்டி வந்த வீட்டுச் சோற்றைத்தானே தானும் தின்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வண்டி வாடையைவிட மோசமாக இருந்தது.

அடுத்த மாசியில் கண்ணம்மாளின் புருஷன் இறந்தார். பகல் பதினொரு மணிக்குப் பாடை தயார், தப்பட்டைக்காரர்கள் தயார், சங்கு ஊதியாயிற்று, பாடையைத் தூக்கினால் வீதியில் போக வழி இல்லை. கேட்டுக்கு வெளியே அரை வண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. "வண்டியைக் கொஞ்சம் எடுங்க சென்னியப்பா" என்று பெரியவர்கள் கேட்டார்கள். சென்னியப்பன் கையைப் பிசைந்தான். வண்டி அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நடுவில் நிறுத்தினால் கெட்டுப்போகுமாம், இன்னும் நாற்பது நிமிஷம் என்றது. பிணத்தை வைத்துக்கொண்டு ஊரே அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ராகு காலம் நெருங்கியதும் பாடையை வீட்டுக்குள் திருப்பி எடுத்துப்போய், அடுப்படி வழியாகக் குளியலறைச் சந்தில் சாய்த்து, சாக்கடையைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்த துளசிமணி வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். கண்ணம்மாள் காரியமெல்லாம் முடிந்து வந்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலீல்ல?" என்று கேட்டாள்.

நாலாம் தடவை உரித்தது, சீட்டு ஐந்து. சீட்டின் மேல் வெள்ளைத் தோல். மல்லிகைப்பூ நிறம். தம்பி, கோகிலவாணி, ஹர்ஷிதா போக இரண்டு சீட்டு காலியாக இருந்தது. துளசிமணி பொங்கலுக்கு வெளுத்த சேலை கட்டி, அரிசிப் பையோடு வந்து நின்றாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. சென்னியப்பன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. உன்ற கையில, சேலையில எப்பவும் பருப்பெண்ணெ இருக்கும். வெள்ளத் தோலு. கறை படிஞ்சா எந்திரிக்காதாம்."

"முதல் கை அரிசி?"

கோகிலவாணி இதை யோசித்து வைத்திருந்தாள். ஒரு கேரி பேக்கில் அரிசியைக் கொண்டுவந்து நீட்டி, "கையில தொட்டு மட்டும் குடுங்க நங்கையா, போதும்" என்றாள்.

இந்தக் கையால் தூக்கி வளர்த்த தம்பி. இந்தக் கையில் ஒட்டின எண்ணெயில்தான் அந்த மில், அந்த வண்டி, அந்த வெள்ளைத் தோல் எல்லாமே. துளசிமணி அரிசியைத் தொட்டாள். தொட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு கையை மோந்து பார்த்தாள். தேங்காய் வாசம்தான் அடித்தது, நல்ல வாசம். அன்றைக்கு அவள் அழுதாள். அடுத்த வருஷத்திலிருந்து அழவில்லை, கேரி பேக்கை வாசலில் பார்த்தாலே உடம்பு கூசியது, அவ்வளவுதான். தொட்டுக் கொடுத்த அரிசியில் ஐந்து வருஷம் பொங்கல் பொங்கிற்று. பங்காளிகள் ஏனென்று கேட்டார்கள், கோகிலவாணி சொன்னாள், பங்காளிகள் சரி என்றார்கள், அது வழக்கமாகிவிட்டது.

ஐந்தாம் தடவை உரிப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கம்பெனிக்காரன் அளவுகளை வெளியிட்டுவிட்டான். ஹர்ஷிதாவுக்கு இப்போது இருபத்தாறு வயசு. போனில் அளவைப் பார்த்துக்கொண்டே இஞ்ச் டேப்பை இழுத்துப் போர்ட்டிகோவை அளந்தாள், இன்னும் இழுத்தாள், டேப் துளசிமணியின் அறைக் கதவைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, பீரோவில் போய் முட்டியது.

"அத்தை ரூம் வரைக்கும் வருதுப்பா."

சென்னியப்பன் அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். "களத்துல ஆபீஸ் ரூம் சும்மாதான் கெடக்குது. ஃபேன் போட்டுத் தர்றேன். உனக்கும் வேலைக்குப் போக வர அலைச்சல் இல்ல பாரு."

"வண்டிய அங்க கொண்டுபோயி நிறுத்தேன் சென்னி. களம் பெருசுதான?"

"வெயில்ல பெயிண்ட் மங்கீரும். பருப்புத் தூசி வேற."

"அப்பா எழுதி வெச்ச ரூம்டா அது. நான் உசுரோட இருக்கற மட்டும்னு எழுதியிருக்குது. நான் உசுரோடதான் இருக்கறேன், நல்லாப் பாரு."

அவன் பார்க்கவில்லை. "நடுத்தர வண்டிதானக்கா" என்றான். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதில் சீழ் வைத்த மாதிரி ஆகியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், பத்திரத்தை வாங்கிப் படித்தார்கள், நல்ல கையெழுத்து என்று அப்பாவைப் புகழ்ந்தார்கள், உயிரோடு இருக்கிறவரைக்கும் என்பதற்கு உயிரோடு எங்கேயாவது இருந்தால் போதும் என்றுதானே அர்த்தம் என்று முடிவு சொல்லிவிட்டு டீ குடித்தார்கள். கொத்தனார்கள் வந்தார்கள். சுவரில் முதல் சம்மட்டி விழுந்தபோது துளசிமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதற்கு எழுந்துவிட்டாள். கெஞ்சிக் கிடக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஊறுகாய் ஜாடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள். கட்டிலும் பீரோவும் பின்னால் தள்ளுவண்டியில் வந்தன.

உரிக்கிற நாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டபடியால், ஹர்ஷிதா உள்ளே உட்கார்ந்தபடியே வீடியோ எடுத்தால் உலகமே பார்க்கும் என்றாள். மூன்று பேரும் காலை ஆறரைக்கே ஏறி, பெல்ட் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீதி முழுக்கக் கூட்டம், சுண்டல்காரர்கூட வந்திருந்தார். ஏழு மணிக்கு வண்டி உரித்தது. கம்பெனிக்காரன் போட்ட அளவைவிட நாலு விரல் அதிகமாகவே வளர்ந்தது. பின்பக்கம் துளசிமணியின் அறையை நிறைத்து உள்சுவரில் ஒட்டிக்கொண்டது, முன்பக்கம் வீதியைக் குறுக்கே அடைத்து, கண்ணம்மாள் வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் போர்ட்டிகோ தூண்கள் கதவை அழுத்திக்கொண்டன. உள்ளே சீட்டு நாலு. நாலாவதில் ஹர்ஷிதாவின் லேப்டாப் பை இருந்தது.

கதவு திறக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். கதவை வெட்டி எடுத்துவிடலாம், கால்மணி வேலை என்றார்கள். வண்டிக்குள்ளிருந்து ஸ்பீக்கரில் சென்னியப்பன் குரல் வந்தது: "கீறல் விழுமேங்க." அப்படியானால் தூணை இடிக்கலாமா என்று கேட்டார்கள். தூணை இடித்தால் மேல்மாடி வண்டியின்மேல் விழும் என்றான். அவர்கள் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று மாலைக்குள் வீதி அதற்கும் ஒத்துப்போயிற்று. பேனட்டின் மேல் மெத்தை விரித்து, மெத்தைமேல் பலகை போட்டு, இந்தப்பக்கம் ஒரு ஏணி அந்தப்பக்கம் ஒரு ஏணி வைத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கின. முன்ஜன்னல் இரண்டு விரல் இறங்கும், அதற்குமேல் இறங்கினால் ஏசி வீணாகும் என்று தானே ஏறிக்கொள்ளும். அந்த இரண்டு விரல் சந்தில் தோசையைச் சுருட்டி நுழைத்தார்கள், மோரை உறிஞ்சுகுழலில் கொடுத்தார்கள். வீதிப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சமைத்தார்கள். மற்ற காரியங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள், கேட்டால் நாளைக்கு நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். வண்டி அரைமணிக்கொரு தடவை தானாகவே செண்ட் அடித்துக்கொண்டது என்பதோடு விட்டுவிடுகிறேன். துளசிமணியின் மூக்குக்கு மில் களத்திலேயே எல்லாம் தெரிந்தது. அதைவிட அருவருப்பான சங்கதி ஒன்று உண்டு. பத்து நாள் போனதும் அவர்கள் வெளியே வர வேண்டும் என்று சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். சீட்டு முதுகைப் பிடித்துவிட்டது, திரையில் வீதி நாலு பக்கமும் தெரிந்தது, கூரைக் கண்ணாடியில் நிலாவும் வந்தது.

வைகாசி வந்தது. இந்த வருஷம் கேரி பேக் நீட்ட யாரும் வெளியே இல்லை. துளசிமணி இரண்டு படி அரிசியும் பானையும் எடுத்துக்கொண்டு முத்தூர் பஸ் ஏறினாள். கோயிலில் பங்காளிகள் எல்லோரும் அடுப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். நாச்சிமுத்து ஓடிவந்து பானையை வாங்கினார்.

"பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா துளசி?"

"கெடச்சுதுங்கண்ணா. காலேசுப் புள்ளை ஒண்ணு எந்திரிச்சுக் குடுத்துச்சு."

முழுக்கையையும் அரிசிக்குள் விட்டு, முழங்கை வரைக்கும் மாவு ஒட்ட, அவள் முதல் கை எடுத்துப் போட்டாள். பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசனை. அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது தம்பிதான், அதுவும் அவளுக்கே பிடிக்காமல்தான் வந்தது. இரண்டு வயசில் இந்தக் கோயிலில் இவள் இடுப்பில் உட்கார்ந்து சுடச்சுடப் பொங்கல் கேட்டு அழுதவன். போய் அவனை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அவள் அங்கேயே முடிவு செய்தாள். அம்மன் காலடியில் இருந்த எலுமிச்சம்பழத்தில் நாலு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மதியம் மூன்று மணிக்கு மூன்றாவது வீதிக்கு வந்தாள். வண்டி இப்போது அவ்வளவு உயரம்; நாலு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைக்க அவள் குனிந்தே அடியில் போக முடிந்தது. பின்சக்கரம் நின்ற இடம் அவள் அறை. தரையில் அவள் கட்டில்கால் அழுத்தித் தேய்ந்த நாலு வட்டமும் அப்படியே இருந்தன. ஒரு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து முன்ஜன்னலைத் தட்டினாள். இரண்டு விரல் கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து செண்ட்டும் அதற்கடியில் இன்னொன்றும் கலந்து வந்த காற்றில் அவளுக்குக் கண் கலங்கியது. மூக்கை மூடவில்லை.

"சென்னி, நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சிருக்கறேன். அன்னைக்கு ஏத்தாம உட்டியே, அத இன்னைக்கு ஏத்து. ஒரு சாண் முன்னால உட்டாப் போதும். பூசை முடியட்டும். இது பழையபடி சுருங்கினாச் சுருங்கட்டும், சுருங்காட்டி நானே சம்மட்டி எடுத்து ஒடைக்கறேன். நீ வெளிய வா. வந்தீன்னா எனக்கு ரூமும் வேண்டா, ஒண்ணும் வேண்டா."

பலகையில் ஏறிக்கொண்டிருந்த கண்ணம்மாள்கூட நின்றுவிட்டாள். கறுத்த கண்ணாடிக்குள் தம்பியின் முகம் பாதி தெரிந்தது. வெயில் படாமல் முளைக்கட்டின பயறு மாதிரி வெளுத்திருந்தது. அவன் கை ஸ்டியரிங்கைத் தொட்டதை அவள் பார்த்தாள். காலைக்கூட நகர்த்தினான்.

"அக்கா" என்றான் சென்னியப்பன்.

"சொல்லு கண்ணு."

"கறை படியாதாக்கா?"

துளசிமணி குனிந்து வண்டிக்கு அடியில் போனாள். முன்சக்கரத்துப் பழம் இரண்டு, பின்சக்கரத்துப் பழம் இரண்டு, நாலையும் பொறுக்கி முந்தானையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கோகிலவாணியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது: "நங்கையா, பொங்கச்சோறு கொண்டாந்தீங்களா? வாசமடிக்குதே."

"உங்க பங்கையும் சேத்து நான் கையில தொட்டுட்டு வந்துட்டேன் அம்மிணி. போதும்."

கண்ணாடி தானாகவே ஏறிக்கொண்டது. துளசிமணி பலகையில் ஏறவில்லை. வந்த வழியே திரும்பிக் களத்துக்கு நடந்தாள். ஊறுகாய் ஜாடி காலியாகத்தான் இருந்தது, உப்பும் இருந்தது. மிளகாய்ப்பொடி மட்டும் போகிற வழியில் வாங்க வேண்டும்.